கிளாஸ்கோவில் நான்கு நாள்: எங்கே சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம்

செப்டம்பர் கடைசியில் நான்கு நாள் கிளாஸ்கோ வருகிறோம், எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார். நீங்களும் உங்கள் மனைவியும் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவீர்கள். கூட ஆறு வயது மகள். இட்லி, தோசை தேடி அலைய விருப்பமில்லை, இந்த ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும். ஒரே ஒரு இரவு மட்டும் தாராளமாகச் செலவு செய்யலாம். இத்தனை விவரம் தந்து கேட்டிருப்பதால் எனக்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பெரிய செலவை மீனுக்கும் நண்டுக்கும் வையுங்கள். ஸ்காட்லாந்தின் தேசிய உணவான ஹேகிஸை ஒரு முறையாவது ருசி பாருங்கள். அம்மாவுக்காக நகரின் தெற்குப் பக்கத்துக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். பசியோடு நடுநகரக் கடைவீதியான புக்கானன் தெருவில் அலையாதீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் லண்டனிலும் மான்செஸ்டரிலும் நீங்கள் பார்த்த அதே சங்கிலிக் கடைகள்தான்.

மீனை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடல் நிலத்துக்குள் நீள நீளமாகப் புகுந்து கிடக்கிறது. அந்தக் குளிர்ந்த நீரில் பழுப்பு நண்டும், ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியும், மற்றச் சிப்பிகளும், லாங்குஸ்டினும் அருமையாக விளைகின்றன. லாங்குஸ்டின் நம் இறாலைவிட நீளமானது. ஒல்லியான இரண்டு கொடுக்குகள் உண்டு. சமைப்பதற்கு முன்பே இளஞ்சிவப்பாக இருக்கும். இங்கே பிடிபடுவதில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் லாரி ஏறிவிடுகிறது. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அதன் வாலை மட்டும் ஸ்கேம்பி என்ற பெயரில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். பார்சிலோனாவில் கொண்டாடப்படும் ஒன்றை அது பிடிபட்ட கரைக்குப் பக்கத்திலேயே சாப்பிடும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. அதை விடாதீர்கள்.

அதற்கு நான் சொல்லும் இடம் ஃபின்னிஸ்டன் பகுதியில், ஆர்கைல் தெருவில் இருக்கும் கிராப்ஷாக். ஜான் மெக்லவுட் என்ற கட்டடக் கலைஞர் 2009-ல் தொடங்கியது. அப்போது ஃபின்னிஸ்டனுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்று அந்தத் தெரு முழுக்க உணவகங்கள். இடம் குறுகல், மேசைகள் நெருக்கம், முன்பதிவு இல்லாமல் மாலையில் போவது வீண். தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வினிகோம் தெருவில் அவர்களுக்கு இன்னொரு கிளையும் உண்டு. குழந்தையோடு உட்கார அது சற்று வசதி.

அங்கே முழு நண்டு கேளுங்கள். இந்தக் கடலின் பழுப்பு நண்டு நம் கடல் நண்டைவிடத் தடித்த ஓடும், கனத்த கொடுக்கும் உடையது. உடைப்பதற்கு இடுக்கியும், சதையைத் தோண்டி எடுக்க நீண்ட முள்ளும் தருவார்கள். கொடுக்குக்குள் இருக்கும் வெள்ளைச் சதை இனிப்பாக, நார் நாராக வரும். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள், நண்டின் முழு ருசியும் அங்கேதான் இருக்கிறது. வெண்ணெய் தடவிய ரொட்டியில் அதைப் பூசி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். மிளகும் சோம்பும் போட்ட நண்டு மசாலாவை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே சமையல்காரர் நண்டின் மீது எதையும் ஏற்றுவதில்லை. உயிரோடு வந்ததை அளவாக வேகவைத்து நிறுத்திக்கொள்வதுதான் அவர் திறமை. கையால் உடைத்து உறிஞ்சிச் சாப்பிடத் தயங்க வேண்டாம். பக்கத்து மேசையிலும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

எந்த மீன் உணவகமானாலும் பரிமாறுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஸ்காலப் முங்கிக் கையால் எடுத்ததா, கடலடியை இழுவைக் கருவியால் வாரி எடுத்ததா? லாங்குஸ்டின் கூடு வைத்துப் பிடித்ததா, இழுவை வலையில் வந்ததா? கையால் எடுத்த ஸ்காலப்பில் மணல் இருக்காது, சதை பருத்திருக்கும். கூட்டில் பிடித்த லாங்குஸ்டின் நசுங்காமல் உயிரோடு கரைக்கு வருகிறது. கடலடிக்கும் கேடு குறைவு. விலை கூடத்தான், ஆனால் கொடுக்கும் காசுக்குத் தகுதியானது. நல்ல கடையில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும். பரிமாறுபவர் விழித்தால் வேறு எதையாவது சாப்பிடுங்கள்.

இதே கடலின் எளிய முகம் கல்லன் ஸ்கிங்க். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் கல்லன் என்ற மீனவ ஊரின் சூப் இது. புகையிட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், இவ்வளவுதான். மாவு கரைத்துக் கெட்டியாக்கியதைக் கொடுத்தால் அது நல்ல கல்லன் ஸ்கிங்க் இல்லை. உருளைக்கிழங்கு கொஞ்சம் குழைந்து அதுவே பாலைக் கெட்டியாக்க வேண்டும். மீன் பெரிய இதழ்களாக விட்டு வர வேண்டும். பளிச்சென்ற மஞ்சளில் மீன் இருந்தால் அது சாயம். வெளிறிய வைக்கோல் நிறம்தான் உண்மையான புகையின் நிறம். இதைச் சாப்பிட மெர்ச்சன்ட் சிட்டியில், ஆல்பியன் தெருவில் இருக்கும் கஃபே கான்டோல்ஃபிக்குப் போங்கள். 1979-லிருந்து இருக்கிறது, பழைய பாலாடைக்கட்டிச் சந்தைக் கட்டடம். டிம் ஸ்டெட் என்ற சிற்பி செதுக்கிய கனத்த மர மேசைகளும் நாற்காலிகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தால் எத்தனை பேர் உட்கார்ந்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். மழை பெய்யும் மதியத்துக்கு அந்த இடத்தையும் அந்தச் சூப்பையும் விடச் சிறந்ததை என்னால் சொல்ல முடியாது. செப்டம்பரில் அப்படி ஒரு மதியம் உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும்.

இனி ஹேகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை அரைத்து, ஓட்ஸ், வெங்காயம், மிளகு, ஜாதிபத்திரி சேர்த்து வேகவைப்பது. குடலும் ஈரலும் சமைத்துப் பழகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் முகம் சுளிக்க எதுவுமில்லை. ஆனால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதில் சேர்க்கும் கொழுப்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சைவ ஹேகிஸ் கேட்டு வாங்குங்கள். எடின்பரோவின் மெக்ஸ்வீன் நிறுவனம் 1984-ல், ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்தின் திறப்பு விழாவுக்காக முதன்முதலில் செய்தது அது. பீன்ஸ், பருப்பு, கேரட், ஓட்ஸ், விதைகள் எல்லாம் சேர்ந்து அதே மிளகுக் காரத்தோடு வரும். பால், முட்டை எதுவும் கிடையாது. ஆனால் கூட வரும் உருளைக்கிழங்கு மசியலில் வெண்ணெய் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஸ்காட்லாந்தின் தேசிய உணவை முழு மனதோடு பரிமாறலாம். இங்கே அசைவம் சாப்பிடுகிறவர்களில்கூடப் பலர் அதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

தாராளமாகச் செலவு செய்யும் அந்த ஓர் இரவுக்கு ஆஷ்டன் லேனில் இருக்கும் யுபிக்விடஸ் சிப் போங்கள். சுரங்க ரயிலில் ஹில்ஹெட் நிலையத்தில் இறங்கினால் பின்னாலேயே அந்தக் கருங்கல் சந்து வந்துவிடும். 1971-ல் ரோனி கிளைட்ஸ்டேல் தொடங்கி, 1976-ல் இந்த இடத்துக்கு மாற்றினார். நல்ல உணவகம் என்றாலே பிரெஞ்சுச் சமையல் என்று இருந்த காலத்தில், இந்த மீன் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, இந்த இறைச்சி எந்தத் தீவுடையது என்று மெனுவில் எழுதிவைத்தவர் அவர். ஸ்காட்லாந்தின் விளைபொருளுக்கே தனி மரியாதை உண்டு என்று இந்த ஊருக்கு நம்பிக்கை ஊட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கண்ணாடிக் கூரையின் கீழே செடிகொடிகள் படர்ந்த முற்றத்தில் மேசை கேளுங்கள். படிக்கட்டுப் பக்கச் சுவர்களில் எழுத்தாளரும் ஓவியருமான அலஸ்டேர் கிரே தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. 2022-ல் நிர்வாகம் கைமாறியது. மான் இறைச்சி ஹேகிஸ் அவர்களுடைய அடையாளம். அதில் என்ன கொழுப்பு என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மிச்செலின் நட்சத்திர உணவகம் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிரேட் வெஸ்டர்ன் சாலையில் கேல் ப்ரூயிக் இருக்கிறது. லோர்னா மெக்நீ தலைமையில் 2021-ல் நட்சத்திரம் பெற்றது. அதற்கு முன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிளாஸ்கோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே கெல்வின்குரோவ் பகுதியில் கிரேம் சீவர்ஸின் உனலோமும் பெற்றது. இரண்டும் மிக நல்ல சமையல். ஆனால் ஒருவருக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ஆறு வயதுக் குழந்தையையும் முட்டை சாப்பிடாத அம்மாவையும் அழைத்துக்கொண்டு போக நான் சொல்லமாட்டேன். நீங்கள் இருவர் மட்டும் இன்னொரு முறை வரும்போது போங்கள்.

இந்திய உணவு வேண்டாம் என்றீர்கள். அதில் ஒரு விதிவிலக்கு கேட்கிறேன். கிளாஸ்கோவின் பஞ்சாபிச் சமையல் இந்த ஊரின் சொந்தச் சாப்பாடாகவே ஆகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் இதை வளர்த்தன. 1964-ல் கிப்சன் தெருவில் ஷிஷ் மஹாலைத் தொடங்கிய அலி அகமது அஸ்லம், சிக்கன் டிக்கா மசாலா தன் சமையலறையில்தான் 1970-களில் பிறந்தது என்று சொல்லிவந்தார். டிக்கா உலர்ந்திருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் குறைப்பட, தான் வயிற்றுப் புண்ணுக்காகக் குடித்துக்கொண்டிருந்த தக்காளி சூப்பில் தயிரும் மசாலாவும் சேர்த்து ஊற்றிக் கொடுத்தாராம். வேறு பலரும் உரிமை கொண்டாடுகிறார்கள், வழக்குத் தீரப்போவதில்லை. 2009-ல் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் முகமது சர்வார், இந்தப் பதார்த்தத்துக்கு ஐரோப்பிய யூனியனின் புவிசார் பாதுகாப்பு கேட்டு முயன்றார். கிடைக்கவில்லை. அஸ்லம் 2022 டிசம்பரில் காலமானார். உணவகம் இப்போது கெல்வின்பிரிட்ஜ் அருகே பார்க் சாலையில் நடக்கிறது.

அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு தட்டு சாப்பிட ஷிஷ் மஹால். வயிறார, பல வகையாகச் சாப்பிட மதர் இந்தியாஸ் கஃபே. சின்னச் சின்னத் தட்டுகளாக நான்கைந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், காய்கறி வகைகளும் நிறைய. கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பிற்பகல் ஒரு மணிக்கு அங்கே பெரிய ஆர்கன் வாசிப்பார்கள், மகளுக்குப் பிடிக்கும். அது முடிந்ததும் சாலையைக் கடந்து சாப்பிடப் போங்கள்.

அம்மாவுக்கான மதியம் என்று சொன்னது பொல்லாக்ஷாஸ் சாலையில் இருக்கும் ரஞ்சித்ஸ் கிச்சன். பஞ்சாபிக் குடும்பம் நடத்தும் முழுச் சைவ உணவகம். வீட்டில் வைப்பதுபோல அன்றன்றைக்குப் பருப்பும் காயும் வைத்து, சூடாக ரொட்டி போட்டுத் தருவார்கள். வெண்ணெய்க்கும் முந்திரிக்கும் அடியில் காய் மறைந்துபோகாத சமையல். பக்கத்திலேயே குயின்ஸ் பார்க் இருக்கிறது, குழந்தை ஓடியாடலாம். அதே தெற்குப் பக்கத்தில் ஆல்பர்ட் டிரைவில் 2013-ல் திறந்த குருத்வாராவும் உண்டு. அங்கே இலவசமாகப் பரிமாறும் லங்கர் உணவு எந்த மதத்தவருக்கும் உண்டு. தலையை மூடி, செருப்பைக் கழற்றி, தரையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள். நடுநகரத்தில் அம்மாவுக்குப் பசித்தால் டிரான்கேட் பக்கம் கிங்ஸ் கோர்ட்டில் மோனோ இருக்கிறது. பால், முட்டை, இறைச்சி எதுவும் சேராத சமையல், உள்ளேயே இசைத்தட்டுக் கடையும் உண்டு. மில்லர் தெருவில் பைசானோவின் மார்கரீட்டா பீட்சாவும் நன்று. நீண்ட நேரம் புளிக்கவைத்த மாவு, நேப்பிள்ஸ் அடுப்பு, நியாயமான விலை. இத்தாலியப் பாலாடைக்கட்டிகள் சிலவற்றில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பார்கள், அது பரவாயில்லையா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை உணவுக்கு ஹோட்டலில் பணம் கட்டாதீர்கள். தெருமுனைக் கடைகளில் கிளாஸ்கோக்காரர்கள் ரொட்டி உருண்டையைப் பிளந்து, நடுவில் எதையாவது வைத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். மேற்புறம் கருகும் அளவுக்குச் சுட்ட உருண்டை வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் இங்கே உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும். சதுரமாக வெட்டிய சாசேஜ் பிரபலம், ஆனால் அதில் மாட்டிறைச்சி இருக்கும், தவிர்த்துவிடுங்கள். நீங்கள் பேக்கனும் முட்டையும் கேளுங்கள். அம்மாவுக்கு டாட்டி ஸ்கோன்: உருளைக்கிழங்கு மசியலும் மாவும் வெண்ணெயும் சேர்த்துத் தட்டிச் சுடுவது, நம் கிழங்கு ரொட்டியின் மிருதுவான வடிவம். பேக்கன் வறுத்த அதே கல்லில் சுடுவார்கள் என்பதால் தனியாகச் சுட்டுத் தரச் சொல்லுங்கள்.

மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் பொரித்து விற்கும் கடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்காட்லாந்தில் மீன் என்றால் காட் இல்லை, ஹாடக்தான். மெல்லிய சதை, இனிப்பான ருசி. கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும் போடுவார்கள், எடின்பரோவில்தான் உப்பும் பழுப்புச் சாஸும். ஆனால் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். வாங்குவதற்கு முன் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். இந்தக் கடைகளையும் ஐஸ்கிரீம் கடைகளையும் இங்கே வளர்த்தவர்கள் இத்தாலியிலிருந்து, குறிப்பாக பார்கா, பிச்சினிஸ்கோ ஊர்ப்பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள். பைர்ஸ் சாலையில் யூனிவர்சிட்டி கஃபே 1918-லிருந்து அப்படி ஒரு குடும்பத்தின் கையில் வந்தது. மகளுக்கு அங்கே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

தேநீருக்கு சாக்கிஹால் தெருவில் மெக்கின்டாஷ் அட் த வில்லோ. ஸ்டூவர்ட் கிரான்ஸ்டன் என்ற தேயிலை வணிகர் 1875-ல் குயின் தெருவில் தேநீர் அறை தொடங்கினார். அவருடைய தங்கை கேட் கிரான்ஸ்டன் அதைப் பெரிய தொழிலாக்கினார். மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்த காலம் அது. பெண்கள் ஆண் துணையில்லாமல் வெளியே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மரியாதையான இடம் அதுவரை ஊரில் அரிது. 1903-ல் கேட் கிரான்ஸ்டனுக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷும் அவர் மனைவி மார்கரெட் மெக்டொனால்டும் வடிவமைத்த கட்டடம்தான் இது. பழுதுபார்த்து 2018-ல் திறந்தார்கள். மாடியில் இருக்கும் வெள்ளி நிற நாற்காலிகளும் கண்ணாடி வேலைப்பாடும் கொண்ட அறையில் இடம் கேளுங்கள்.

கிளாஸ்கோ தேநீருக்கும் தமிழர்களுக்கும் நேரடியான தொடர்பு உண்டு. 1848-ல் இந்த ஊரில் பிறந்த தாமஸ் லிப்டன், 1871-ல் தன் முதல் மளிகைக் கடையைத் திறந்த ஸ்டாப்கிராஸ் தெரு, நீங்கள் நண்டு சாப்பிடப்போகும் ஃபின்னிஸ்டனுக்குப் பக்கம். 1890-ல் அவர் இலங்கைக்குப் போய் ஹப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். அவர்கள் உழைப்பில் விளைந்த தேயிலையைத்தான் இந்த ஊர்த் தொழிலாளி வீடுகள் மலிவாக வாங்கிக் குடித்தன. மலையகத் தமிழர்களின் அந்தப் பங்கு இந்தத் தேநீர் அறைகளில் இன்னும் விரிவாகச் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். செப்டம்பர் கடைசி வார இறுதி கிளாஸ்கோவில் உள்ளூர் விடுமுறை. ஊரே வெளியே சாப்பிடும். கிராப்ஷாக்கையும் யுபிக்விடஸ் சிப்பையும் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். பல நல்ல உணவகங்கள் மாலை ஐந்து மணி வாக்கில் நாடகத்துக்குப் போகிறவர்களுக்கென்று குறைந்த விலையில் இரண்டு, மூன்று பதார்த்தங்கள் தருகின்றன. குழந்தையும் பெரியவரும் உள்ள குடும்பத்துக்கு அந்த நேரமே பொருத்தம், நாடகத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் சமையலறைகள் மூடிவிடும். திங்கள், செவ்வாயில் சில கடைகள் திறப்பதே இல்லை. சுரங்க ரயிலும் ஞாயிற்றுக்கிழமை முன்னதாகவே நின்றுவிடும், திரும்பி வர பஸ் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிகளை நம்பி ரோகானோவைத் தேடிப் போகாதீர்கள். 1935-லிருந்து ஊரின் பெருமையாக இருந்த அந்த மீன் உணவகம் 2020-ல் கதவை மூடியது. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1859-லிருந்து லாக் காட்ரின் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் இந்த ஊருக்கு. எந்த உணவகத்திலும் கேட்டால் ஒரு குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள். ரசீதில் பத்து, பன்னிரண்டு சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.